உன் பெயருக்குப் பின்னால் இருப்பவள்

கதிர் கண்ணு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பார்த்தேன். நந்தினியின் மணிக்கட்டையும் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் என் சிநேகிதிகள் உட்கார்ந்திருக்க, அவள் உன் குடும்பப் பெயரைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிரேக்ஸ்பியர் என்பது இங்கிலாந்திலேயே அபூர்வமாம். ஏதோ ஒரு காலத்தில் சண்டையிலோ குதிரையேறி மோதும் போட்டியிலோ ஈட்டியை முறித்த ஒருவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர், அப்படியே அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டதாம். "முன்னாடி கதிர்வேல், பின்னாடி அந்த வேலையே ஒடிக்கிறவன். யாருங்கத்தை இப்படிப் பேரு வெச்சது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் முடிந்ததும் இங்கிலாந்து போய் அந்தப் பெயர் வெட்டிய கல்லறைகளைத் தேடப் போவதாகச் சொன்னாள். நீ எழுந்து சமையலறைக்குப் போனாய். என்ன கோபம் என்று கேட்க அவள் பின்னாலேயே வந்தாள். தண்ணீர் எடுக்க நானும் வந்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "இந்தப் பேச்சை விடுன்னு சொன்னேன்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். என்னைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அதை என் முகத்தில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

உன் பெயரைப் பற்றி நான் உனக்குச் சொல்லி வைத்திருப்பது பொய். ஆஸ்பத்திரியில் படிவம் எழுதியவள் பக்கத்து அறைக்காரியின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டாள், திருத்தச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன் என்று சொன்னேன். உன் அப்பா ஃப்ரீவேயில் லாரி மோதி இறந்தார் என்று சொன்னதும் பொய். கேட்க ஆள் இல்லாத இடத்தில் பொய் சீக்கிரம் வளர்ந்துவிடும். சின்ன வயதில் நீயே அந்த லாரிக்கு என்ன நிறம் என்று கேட்டாய். வெள்ளை என்று சொன்னேன்.

தொண்ணூற்றிரண்டில் கல்யாணம் ஆகி ஈரோட்டிலிருந்து டெக்சாஸுக்கு வந்தேன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இரண்டாம் மாடி அப்பார்ட்மென்ட். உன் அப்பா ராஜேந்திரன் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். எல்லோருக்கும் பிடித்த மனிதர். சனிக்கிழமை தோறும் நம்ம ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார், யார் வீடு மாறினாலும் முதல் ஆளாகப் போய்ப் பெட்டி தூக்குவார். முதல் அடி காரில் விழுந்தது. ஹில்கிராஃப்டில் மளிகை வாங்கப் போகிறோம். மடியில் வரைபடத்தை விரித்து வழி சொல்ல வேண்டியது என் வேலை. ஃப்ரீவேயிலிருந்து இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் புறங்கையால் என் மூக்கில் அடித்தார். வரைபடத்தின் மேல் ரத்தம் சொட்டியது. அதன் பிறகு கடைக்குள் போய்த் துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் வாங்கினோம். கடைக்காரர் கேட்டதற்கு, வெயிலுக்குச் சில்லி மூக்கு உடைந்துவிட்டது என்று சொன்னேன். என் முதல் பொய் அது. யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது.

எல்லா அடியையும் உனக்கு எழுதிக் காட்டப் போவதில்லை. மூன்றைச் சொல்கிறேன். ஆபீஸ் போகும்போது தொலைபேசியின் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஒருநாள் அதே வயரால் முதுகில் அடித்தார். இன்னொரு நாள் துணி அலமாரிக் கதவிடுக்கில் என் இடது கையை வைத்துக் கதவைச் சாத்தினார். என் மோதிர விரல் வளைந்திருப்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளையாக நீ சிரிப்பாயே, அது அப்போது முறிந்தது. வயிற்றில் நீ இருக்கிறாய் என்று தெரிந்த வாரம் தலைமுடியைப் பிடித்துக் குளியலறை வரை இழுத்துப் போனார். அடித்து முடித்ததும் அவரே ஐஸ்கட்டி எடுத்து வந்து வைப்பார். அழவும் செய்வார். அந்த அழுகை நிஜம். நிஜமான அழுகையை நம்பித்தான் நான் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன்.

ஊர்ப்பக்கத்து ஆன்ட்டி ஒருவரிடம் முதுகைத் திருப்பிக் காட்டினேன். அவர் என் ஜாக்கெட்டை இழுத்து மூடிவிட்டு, "பொறுத்துக்கோ கண்ணு. கிரீன் கார்டு வரட்டும், டென்ஷன்ல இருக்காப்ல. வந்துட்டா செரியாப் போயிரும். போலீஸு கீலீஸுன்னு போனீன்னா ரெண்டு பேரும் பிளைட் ஏற வேண்டியதுதான்" என்றார். கெட்டவர் இல்லை. போகும்போது ஒரு டப்பா ரசப்பொடி கொடுத்து அனுப்பினார்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள் டெல்லா பிரேக்ஸ்பியர். ஐம்பது தாண்டியவள், பள்ளி பஸ் ஓட்டுநர். காலை ஓட்டம் முடிந்து வந்தால் பிற்பகல் ஓட்டம் வரை வீட்டில் இருப்பாள். அகலமான தோள், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி, யாரிடமும் குழையாத பேச்சு. அவள் பேசியது டெக்சாஸ் ஆங்கிலம். என் மனதில் அது தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். துணி துவைக்கும் அறையில் ஒருநாள் என் விரலைப் பார்த்தாள். "கதவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கதவு தானா சாத்தாது. என் சுவரைத் தட்டு. எப்ப வேணாலும்." அவ்வளவுதான் பேசினாள்.

நான் தட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்தம் கேட்டு அவளே போலீஸைக் கூப்பிட்டாள். இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கன்னம் வீங்கி நின்றேன். உன் அப்பா தமிழில், புன்னகை மாறாமல், "கார்டு இண்டர்வியூ அடுத்த மாசம். கேஸ் ஆச்சுன்னா நீ எங்க போவேன்னு யோசிச்சுக்கோ" என்றார். நான் யோசித்தேன். அதிகாரியிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் குடித்துவிட்டு எங்களைத் தொந்தரவு செய்கிறாள், இந்தியர்களைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது என்றும் சொன்னேன். டெல்லா தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குடிப்பழக்கமே இல்லாதவள் அவள். பிள்ளைகளை ஏற்றும் பஸ் ஓட்டுகிறவளைக் குடிகாரி என்றால் என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. பேச்சு அவள் வேலை செய்யும் இடம் வரை போய், ஒரு வாரம் பஸ்ஸைத் தொடவிடாமல் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள்.

போலீஸ் வந்துபோன மறுநாள், உன் அப்பா ஆபீஸ் போனதும் அவள் வந்து என் கதவைத் தட்டினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "நீ சொன்ன மாதிரி நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன். என் புருஷனுக்காக. அதனால கோபம் இருக்கு, ஆனா ஆச்சரியம் இல்ல. நான் மறுபடியும் போலீஸைக் கூப்பிடுவேன். நீ மறுபடியும் பொய் சொல்லு. எவ்வளவு நாள் ஆகுதுன்னு பார்ப்போம்" என்றாள்.

கிரீன் கார்டு வந்தது. ஆன்ட்டி சொன்னபடி எதுவும் சரியாகவில்லை. கார்டு வந்த வாரமே சோற்றுத் தட்டை என் முகத்தில் எறிந்தார். அடுத்த சனிக்கிழமை காலை அவர் கிரிக்கெட்டுக்குக் கிளம்பியதும் முதல் தடவையாகப் போய் டெல்லாவின் சுவரைத் தட்டினேன். சுவரென்ன, நேராகக் கதவையே தட்டினேன். அடிபட்ட பெண்களுக்கு இடம் கொடுக்கும் இல்லம் ஒன்றின் எண்ணை அவள் எப்போதோ எழுதி வைத்திருந்தாள். அவள் சமையலறையில் நின்று அந்த இல்லத்துப் பெண்ணிடம் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே மழை பிடித்தது. மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலில் கட்டிய பேடோடு, கையில் மட்டையோடு வந்தார். திறந்து கிடந்த எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறார், என் குரல் கேட்டிருக்கிறது. டெல்லாவின் வீட்டுக்குள் நேராக நுழைந்தார். முதல் அடி என் தோளில் விழுந்தது. நான் தரையில் விழுந்து வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். நீ அப்போது ஐந்து மாதம். டெல்லா எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். "இது என் வீடு, வெளியே போ" என்றாள். இரண்டாவது அடியை முன்கையை உயர்த்தித் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தத்தைக் கேட்டேன். அந்தக் கை தொங்கிப்போயும் அவள் நகரவில்லை, மற்ற கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஓடு" என்று கத்தினாள். நான் தவழ்ந்து அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே மட்டை விழும் சத்தம் கேட்டது. நாலு முறை. அதற்குள் சத்தத்தின் குணமே மாறிவிட்டது. முதலில் கட்டையில் விழுவது போல இருந்தது, கடைசியில் நனைந்த துணியில் விழுவது போல. நான் கதவைத் திறக்கவில்லை. போலீஸ் வந்து உடைக்கும் வரை திறக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்ட அந்த இல்லத்துப் பெண்தான் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறாள்.

என்னை வெளியே கூட்டி வந்தபோது, ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நிற்க, அவன் டெல்லாவின் சோபாவில் உட்கார்ந்து காலில் கட்டிய பேடை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். இதுவரை அவர் என்று எழுதினேன், இனி எழுத வரவில்லை. என்னைப் பார்த்து, "பாரு, என்ன பண்ண வெச்சுட்டேன்னு" என்று தமிழில் சொன்னான். டெல்லா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

ஈரோட்டுக்குப் போன் செய்தேன். என் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை மேல நீ சாட்சி சொல்லாத. வயித்துல குழந்தை இருக்குது. அதுக்கு ஒரு பேரு வேணுமல்ல" என்றார். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். இங்கேயோ அப்பா பெயர் முழுதாகப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். கதிர்வேல் ராஜேந்திரன் என்று எழுதினால் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுவார்கள். என் அப்பா பெயரை வைக்கலாமா என்று பார்த்தேன். அந்தப் போன் காதிலேயே இருந்தது. பிப்ரவரியில் நீ பிறந்தாய். படிவம் எழுத வந்தவள் தவறு எதுவும் செய்யவில்லை. "கடைசிப் பெயர்?" என்று கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாக நான்தான் சொன்னேன்.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டெல்லாவுக்கு ஏர்ல் என்று ஒரு தம்பி இருந்தது வழக்கு நடந்தபோதுதான் தெரியும். அந்த வருடக் கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். நீ உன்னைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணின் மடியில் வெளியே இருந்தாய். குழந்தை உண்டா, அதன் பெயர் என்ன என்று அரசு வக்கீல் கேட்டார். "கதிர்வேல் பிரேக்ஸ்பியர்" என்றேன். உன் அப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என்னை நோக்கிப் பாய்ந்தான். இரண்டு காவலர்கள் அவனை மேசை மேல் அழுத்தி விலங்கு பூட்டினார்கள். உதடு கிழிந்து ரத்தம் ஒழுக, தமிழில் என்னை என்னென்னவோ சொன்னான். நல்லவேளை, அங்கே அது என் ஒருத்திக்குத்தான் புரிந்தது. அன்று டெல்லாவைப் பற்றி நான் போலீஸிடம் சொன்ன பொய்யையும் அந்தக் கூண்டில் நின்றே ஒப்புக்கொண்டேன்.

இடைவேளையில் கோர்ட் நடைக்கூடத்தில் ஒரு உயரமான மனிதன் என் தோளைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். ஏர்ல். அடிபட்ட அதே தோள். "என் அக்காவை எடுத்துக்கிட்ட. இப்ப பேரையும் எடுத்துக்கிட்டியா? அழி அதை!" என்று கத்தினான். காவலர் ஓடி வருவதற்குள் அவனே தன் கையைப் பார்த்தான். சுட்ட மாதிரி எடுத்துக்கொண்டான். பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நானும் ஏனோ போகாமல் அந்த பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

நந்தினி தேடும் வரலாற்றை அவன்தான் எனக்குச் சொன்னான். அவன் தாத்தா இங்கிலாந்திலிருந்து எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்தவர். பெயருக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். ஒரு சம்பளத் தகராறில் கூட வேலை செய்தவனைக் குழாய் திருகும் ஸ்பேனரால் அடித்துக் கொன்றவர். அப்பா, பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் பிள்ளைகளை அடிப்பவர். டெல்லா பதினாறு வயதில் தம்பியை இழுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினாள். பின்னாளில் புருஷனை விட்டு வந்தபோது பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பினாளாம். ஏர்லும் பிறகு தன் பெண்டாட்டியை அடித்தான். அதை அவன் ஒளிக்கவில்லை. "எங்க ஆம்பளைங்க ஒருத்தனும் ஈட்டியை முறிச்சதில்ல. கைல கிடைச்ச ஆளை முறிச்சோம். எனக்குப் பிள்ளை இல்ல, அவளுக்கும் இல்ல. இந்தப் பேரு எங்களோட செத்துப்போகும்னு நானும் அவளும் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தோம். அந்தப் பேரு வெச்சவங்கள்ல அவ ஒருத்திதான் அடிக்கு நடுவுல போய் நின்னவ."

அழித்துவிடுகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினான். வெளியே வந்து உன்னைப் பார்த்தான், தூக்கவில்லை. "இவன் எப்பவாவது ஒரு பொண்ணு மேல கை வெச்சா, அன்னைக்கு இந்தப் பேரை எடுத்துடு. சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். அதன்பின் அவனைப் பார்க்கவில்லை.

உன் அப்பனுக்கு இருபது வருடம் கிடைத்தது. முடிந்ததும் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈரோட்டில் அவன் தம்பி வீட்டில் இருக்கிறான் என்று கேள்வி. பார்க்க வேண்டும் என்றால் போய்ப் பார், தடுக்க மாட்டேன். நாம் நியூஜெர்சிக்கு வந்துவிட்டோம், நான் பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், மற்றது உனக்குத் தெரியும். தெரிந்தும் நாம் பேசாத ஒன்று உண்டு. உனக்கு ஐந்து வயது. டேகேரில் ஒரு பெண் குழந்தையைச் சறுக்கிலிருந்து தள்ளிவிட்டாய் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தோசைக் கரண்டியால் உன்னை அடித்தேன். நீ சுருண்டு விழுந்த பிறகும் அடித்தேன். புருவத்துத் தழும்பு அதுதான். அவன் உனக்குள் இருக்கிறானோ என்ற பயத்தில், அவன் செய்ததையே நான் உனக்குச் செய்தேன். பிறகு ஐஸ்கட்டி வைத்தேன். அழுதேன். அடித்தவர்களின் கணக்கில் என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ரத்தத்தில் வருகிறது என்று நான் நம்பவில்லை, கண்ணு. ரத்தத்தில் வருவதாக இருந்தால் டெல்லாவுக்கும் அது வந்திருக்க வேண்டும். மணிக்கட்டைத் திருகினது உன் கை. உன் அப்பன் கை இல்லை. ஏர்லுக்குச் செய்த சத்தியப்படி உன் பெயரை எடுக்க எனக்கு இனிமேல் சட்டத்தில் வழி கிடையாது, நீ வளர்ந்த ஆண். அதனால் செய்யக்கூடிய வேறொன்றைச் செய்திருக்கிறேன். உனக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. தெரிந்துதான் தமிழில் எழுதி, உறையை நந்தினி கையில் கொடுத்தேன். சத்தமாகப் படிக்க வேண்டும், நடுவில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். ஒரு ஆணுக்காக இன்னொரு பெண்ணைப் பற்றிப் பொய் சொல்வதை நான் ஒருமுறை செய்து முடித்துவிட்டேன். நீ இப்போது அவளிடம் சொல்ல வேண்டியதை நானே எழுதித் தரப் போவதில்லை. அம்மா.

நந்தினி, இனி வருவது உனக்கு மட்டும். வாய்விட்டுப் படிக்காதே, மனதுக்குள் படி. உறையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன், போகவில்லை. கீழே பார்க்கிங்கில், உங்கள் படிக்கட்டுக்கு நேர் எதிரே, காரில் உட்கார்ந்திருக்கிறேன். அவனோடு பேச வேண்டும் என்றால் பேசு, எவ்வளவு நேரம் ஆனாலும் இருப்பேன். வர வேண்டும் என்று தோன்றினால் செருப்பைக்கூடத் தேடாதே அம்மா. அப்படியே வா.